பேரன்ட்ஸ்பர்க் பொமோர் அருங்காட்சியகம்: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஆர்க்டிக் பெருங்கடலில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் நார்வேயின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆனால் அங்கே கிரோன்ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரையில் இருக்கும் பேரன்ட்ஸ்பர்க், ரஷ்ய மொழி பேசும் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் வாழும் சிற்றூர். 1932 முதல் அதை நடத்திவருவது அர்க்திக்உகோல் என்ற ரஷ்ய அரசு நிறுவனம். ஊருக்குள், பொமோர்கள் என்ற பழைய ரஷ்ய வேட்டைக்காரர்களின் பெயர் தாங்கிய பொமோர் அருங்காட்சியகம் என்றொரு சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. நிதானமாகப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாத அந்த இடத்தின் வாசலை அடைவதற்கு விசா, காப்பீடு, விமானம், படகு, கைப்பணம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஏற்பாடுகள் வேண்டியிருக்கின்றன. இவற்றில் எது பிசகினாலும் பயணம் நடக்கும், அருங்காட்சியகம் மட்டும் விட்டுப்போகும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் விசா விதிகள் ஏறத்தாழ இவையே.

1. பருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

நீங்கள் வந்திறங்கப்போகும் லாங்இயர்பியன் என்ற நார்வே ஊரிலிருந்து பேரன்ட்ஸ்பர்க் கடல் வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை கிடையாது. மே நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை படகில் போகலாம். பிப்ரவரி இறுதி முதல் மே தொடக்கம் வரை பனிச்சறுக்கு மோட்டார் வண்டியில் போகலாம். மற்ற மாதங்களில் சுற்றுலாப் பயணிக்கு வழியில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதி வரை அங்கே பகல் என்பதே இல்லை.

முதன்முறை செல்வோர் ஜூன் நடுப்பகுதிக்கும் ஆகஸ்ட் இறுதிக்கும் இடையில் படகில் போவதே நல்லது. பனிவண்டிப் பயணம் போக வர 120 கிலோமீட்டர். கடும் குளிரில் நாள் முழுவதும் வண்டி ஓட்ட வேண்டும், ஓட்டுநர் உரிமம் வேண்டும், செலவும் படகைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அத்தனை பாடுபட்டு ஊர் போய்ச் சேரும்போது, கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதை நின்று படிக்கும் பொறுமை பெரும்பாலோருக்கு மிஞ்சுவதில்லை.

2. விசா: இரண்டு நுழைவு இல்லாமல் கிளம்ப வேண்டாம்

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்வால்பார்ட்டுக்குள் நுழைய எந்த நாட்டவருக்கும் விசா தேவையில்லை. 1920-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் மக்களை அந்த மண்ணில் நார்வே ஒரே விதமாக நடத்த வேண்டும், மற்ற நாட்டவரிடமும் அது விசா கேட்பதில்லை. பேரன்ட்ஸ்பர்க்கும் அதே சட்டத்தின் கீழ் வருவதால் ரஷ்ய விசாவும் வேண்டியதில்லை. ‘ரஷ்ய ஊருக்குப் போகிறீர்களே’ என்று யாராவது அதற்கெனப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே ஸ்வால்பார்ட் இருக்கிறது, வழக்கமான விமானங்களோ நார்வேயின் பெருநிலத்திலிருந்து கிளம்புகின்றன. ஆகவே ஓஸ்லோவுக்கோ அதற்கு முன் ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நகருக்கோ வந்திறங்கும்போது உங்கள் முதல் நுழைவு முடிந்துவிடும். லாங்இயர்பியனுக்கு விமானம் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் நுழைய வேண்டும். ஒற்றை நுழைவு விசா வைத்திருப்பவருக்கு அந்த இரண்டாவது நுழைவுக்கு உரிமை இல்லை. இடையில் லண்டன் போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள நகருக்கும் போய்வருவதாகத் திட்டமிருந்தால், இரண்டு நுழைவும் போதாமல் போகும்.

விண்ணப்பப் படிவத்தில் நுழைவுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் இடத்தில் இரண்டு அல்லது பல என்று குறிப்பிடுங்கள். அத்தோடு நிறுத்தாமல், முகப்புக் கடிதத்தில் உங்கள் பயணத்தைத் தேதிவாரியாக எழுதி, எந்த நாளில் ஸ்வால்பார்ட்டுக்குக் கிளம்புகிறீர்கள், எந்த நாளில் பெருநிலத்துக்குத் திரும்புகிறீர்கள், அதனால் இரண்டு நுழைவு ஏன் வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாகத் தெளிவுபடுத்துங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தவுடன், விசா ஒட்டுத்தாளில் நுழைவுகளுக்கான கட்டத்தைப் பாருங்கள். அதில் ‘02’ அல்லது ‘மல்ட்’ என்று அச்சாகியிருக்க வேண்டும். ‘01’ என்றிருந்தால் அங்கேயே கேட்டுத் திருத்தப் பாருங்கள். ஓஸ்லோவில் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டியவை: நார்வே விசா இணையதளத்தில் நிரப்பி அச்சிட்ட படிவம், திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லக்கூடிய, கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்ட, குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம் உள்ள பாஸ்போர்ட், புகைப்படம், போக வர விமான முன்பதிவு, லாங்இயர்பியன் உட்பட எல்லா இரவுகளுக்கும் தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிப் படிவம், வேலையிடத்தின் விடுப்புக் கடிதம், பயணக் காப்பீடு. கையிருப்பாக நாளொன்றுக்குக் குறைந்தது 500 குரோனர் (நார்வே நாணயம்) காட்ட வேண்டும் என்பது நார்வேயின் அளவுகோல். ஸ்வால்பார்ட்டின் விலைவாசிக்கு அது ஒரு மூலைக்கும் காணாது என்பதால் தாராளமாகவே காட்டுங்கள்.

பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விசா விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் வி.எஃப்.எஸ் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள் என்பது விதி, அது 45 நாள் வரை நீளவும் விதியில் இடமுண்டு. கோடையில் போகிறவர்கள் கைரேகை கொடுக்க நேரம் கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால், மார்ச் மாதத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுவது உத்தமம்.

இன்னும் ஒரு சங்கதி. ஷெங்கன் விசாவை, அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஸ்வால்பார்ட்டில் கழிக்கும் நாள்கள் ஷெங்கன் நாள்களாகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே ஸ்வால்பார்ட்டில் ஐந்து நாள், ஓஸ்லோவில் ஒரு நாள், பாரிஸில் மூன்று நாள் என்று திட்டம் போட்டுவிட்டு நார்வேயிடம் விசா கேட்டால், கேள்வி எழும். பெருநில நார்வேயிலும் மூன்று நாளாவது கூடுதலாகத் தங்கிவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

3. காப்பீட்டில் ‘ஸ்வால்பார்ட்’ என்ற பெயர் இருக்கட்டும்

விசாவுக்குத் தேவையான காப்பீடு 30,000 யூரோவுக்கானது. மலிவான பாலிசிகள் பல ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் பொருந்துபவை. ஸ்வால்பார்ட் அந்த வரையறைக்குள் வருமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பெறுங்கள். லாங்இயர்பியனில் இருப்பது சிறிய மருத்துவமனை. நிலைமை மோசமானால் நோயாளியை விமானத்தில் பெருநிலத்து நகரமான ட்ரோம்சோவுக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் செலவும், கடலிலோ பனியிலோ தேடி மீட்கும் செலவும் பாலிசியில் அடங்கியிருக்க வேண்டும். பனிவண்டியில் போகிறவர்கள் ‘சாகச விளையாட்டு’ விலக்குப் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

4. விமானமும் தங்குமிடமும்

ஓஸ்லோவிலிருந்து நேரடியாகச் சென்றால் சுமார் மூன்று மணி நேரம். ட்ரோம்சோ வழியாகச் செல்லும் விமானமென்றால் பயணிகள் கைப்பையோடு அங்கே இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடித்து, அதே விமானத்தில் மறுபடி ஏற வேண்டும். நார்வேக்குள்தானே பறக்கிறோம் என்று பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

லாங்இயர்பியன் விமான நிலையத்திலிருந்து ஊர் 5 கிலோமீட்டர். விமானம் வரும் நேரத்துக்கெல்லாம் பேருந்து நிற்கும். தங்குமிடம் மலிவாகக் கிடைக்காது. சாதாரண விருந்தினர் இல்லத்துக்கே இரவொன்றுக்கு 1,500 குரோனருக்குக் குறையாமல் ஒதுக்குங்கள். ஒரு குரோனர் ஏறக்குறைய 9 இந்திய ரூபாய் என்று கணக்கிட்டுக்கொண்டால் வரவு செலவு பிடிபடும்.

குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள். படகு நாளை முதல் முழுநாளிலேயே வையுங்கள். மூடுபனி, காற்று, கடற்பனி எதுவாலும் படகு ரத்தாகலாம். ரத்தானால் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். கடைசி நாளில் வைத்துக்கொண்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், அருங்காட்சியகம் கிடைக்காது.

5. படகு: பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்

2022-ல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு, லாங்இயர்பியனில் உள்ள நார்வே நிறுவனங்கள் பல, ரஷ்ய அரசு நிறுவனத்தோடு இருந்த சுற்றுலாத் தொடர்பை அறுத்துக்கொண்டன. அதனால் விளம்பரத்தில் ‘பேரன்ட்ஸ்பர்க்’ என்ற பெயரைப் பார்த்தவுடன், ஊருக்குள் இறங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. கடற்கழிக்குள் போய், படகிலிருந்தபடியே ஊரைக் காட்டி, எஸ்மார்க் பனியாறு வரை சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களும் உண்டு. பனியாறு அழகுதான், ஆனால் நீங்கள் அதற்காகப் போகவில்லை.

ஆகவே கார்டு எண்ணைத் தட்டுவதற்கு முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பின்வரும் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கரையில் இறங்குவோமா? எவ்வளவு நேரம் கரையில் இருப்போம்? ஊரைச் சுற்றிக் காட்டுபவர் யார், அவரோடேதான் நடக்க வேண்டுமா அல்லது தனியே பிரிந்து போகலாமா? நாம் போகும் நேரத்தில் அருங்காட்சியகம் திறந்திருக்குமா, அதன் நுழைவுச்சீட்டு இந்தக் கட்டணத்தில் சேர்த்தியா?

நான்காவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஒருநாள் படகுப் பயணத்தில் கரையில் கிடைப்பது ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம். அதில் வழிகாட்டியின் சுற்று, லெனின் சிலை முன் படம் பிடித்தல், நினைவுப்பொருள் கடை, உணவகம் எல்லாம் போக, அருங்காட்சியகம் ‘விரும்பினால் பார்க்கலாம்’ என்ற கடைசிப் பதினைந்து நிமிடமாகச் சுருங்கிவிடும். திறப்பு நேரமும் மாறக்கூடியது. கூட்டமாக ஆள் வரும்போது திறப்பார்கள், இல்லாதபோது பூட்டியிருக்கும். ‘எங்களில் சிலர் அருங்காட்சியகத்துக்கென்றே வருகிறோம்’ என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், திறந்துவைக்கச் சொல்லி ஊருக்குத் தகவல் போகும்.

படகுக் கட்டணத்துக்கு ஆளுக்கு 2,000 குரோனர் அளவில் ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் மதிய உணவு அதில் அடங்கும். சைவ உணவு உண்பவர்கள் முன்பதிவிலேயே சொல்லிவிட வேண்டும். நடுக்கடலில் சொன்னால் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும்.

ஊரிலேயே ஓர் இரவு தங்கினால் அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அங்குள்ள விடுதிகள் அர்க்திக்உகோலைச் சேர்ந்தவை. அதற்குப் பணம் கட்டுவதில் உங்களுக்குச் சம்மதமா என்பதை நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும். ஒருநாள் பயணத்திலும் கரையில் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி அங்கேதான் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள்.

6. கைப்பணம்

லாங்இயர்பியனில் கார்டு இல்லாமல் காலம் தள்ளுவது கடினம், பேரன்ட்ஸ்பர்க்கில் கார்டை நம்பி இறங்குவது தவறு. விசா, மாஸ்டர்கார்டு ஆகிய கார்டு நிறுவனங்கள் இரண்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் தம் சேவையை நிறுத்திவிட்டன. அதோடு ரஷ்ய நிறுவனங்களுக்குப் போகும் பணத்தை வங்கிகள் மறித்துவிடுவதும் உண்டு. ஆகவே ஓஸ்லோ விமான நிலையத்திலேயே நார்வே குரோனர் எடுத்துவிடுங்கள். 50, 100, 200 தாள்களாக இருக்கட்டும். 500 தாளை நீட்டிவிட்டுச் சில்லறைக்காகக் காத்திருக்கும் நேரம், கரையில் உங்களுக்குக் கிடைத்த நேரத்திலிருந்துதான் கழியும். நுழைவுச்சீட்டு, ஒரு தேநீர், ஒன்றிரண்டு அஞ்சலட்டை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 600 முதல் 800 குரோனர் இருந்தால் கவலையில்லை.

7. படகு நாளன்று

ஜூலையிலும் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி அளவில்தான் இருக்கும். படகின் மேல்தளத்தில் காற்று அதையும் குறைத்துவிடும். கம்பளி உள்ளாடை, காற்றுப் புகாத மேலங்கி, குல்லாய், கையுறை போதும். வாந்தி வரும் உடம்பானால் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசியில் ரஷ்ய மொழிபெயர்ப்புக் கோப்பை லாங்இயர்பியனிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ‘ஐரோப்பா’ என்று விற்கப்படும் சிம் திட்டங்கள் சில ஸ்வால்பார்ட்டில் வேலை செய்யாது, அதை ஊரைவிட்டுக் கிளம்புமுன் பாருங்கள்.

துறையிலிருந்து ஊருக்கு ஏறுவது இருநூறுக்கும் மேற்பட்ட மரப்படிகள் வழியாக. இடையிடையே நின்று மூச்சு வாங்க மேடைகள் இருக்கின்றன. கரித்தூள் படிந்த ஊர் என்பதால் வெள்ளைக் காலணி வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள், வயதானவர்கள், குழந்தையோடு வருபவர்கள் வண்டி கிடைக்குமா என்று முன்பதிவின்போதே கேட்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்தவுடன் எல்லோரும் படம் எடுக்க நிற்பார்கள். அந்த நேரத்தில் வழிகாட்டியிடம் சென்று அருங்காட்சியகத்துக்கு எப்போது போகிறோம், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊர் எல்லையைத் தாண்டி நடக்காதீர்கள். பனிக்கரடி வரக்கூடிய நிலம், துப்பாக்கியேந்திய வழிகாட்டி இல்லாமல் வெளியே போகக் கூடாது. ஊருக்குள் ரஷ்யத் துணைத் தூதரகம் ஒன்றும் இருக்கிறது. அங்கும் மின்நிலையத்தின் பக்கத்திலும் படம் எடுக்குமுன் கேளுங்கள். வீடுகளின் சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், அது மக்கள் குடியிருக்கும் ஊர்.

8. அருங்காட்சியகத்துக்குள்

முதலில் பொமோர் பகுதிக்குப் போங்கள். வடமேற்கு ரஷ்யாவின் வெண்கடல் கரையிலிருந்து படகில் வந்து, நீண்ட தந்தமுள்ள கடல் விலங்கான வால்ரஸையும் நரியையும் கரடியையும் வேட்டையாடி, இருண்ட குளிர்காலத்தை இங்கேயே மரக்குடிலில் கழித்த ரஷ்ய வேட்டைக்காரர்கள்தான் பொமோர்கள். அவர்கள் விட்டுச்சென்ற கருவிகளும் வீட்டுப் பொருள்களும்தான் இந்த இடத்தைத் தேடி வருவதற்குக் காரணம். கரையில் அவர்கள் நட்ட உயரமான மரச் சிலுவைகள் வழிபாட்டுக்கு மட்டும் ஆனவை அல்ல, கடலில் வருபவருக்கு வழி அடையாளமாகவும் இருந்தவை. சிலுவையைப் படத்தில் பார்த்தாலும் அதன் அடிக்கட்டையில் இருக்கும் சாய்ந்த குறுக்குப் பலகையைக் கவனியுங்கள், அது ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு உரியது.

விளக்க அட்டைகளில் காணும் ஆண்டுகளைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பொமோர்கள் 18-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்தார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, அதாவது 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் இந்தத் தீவுகளைக் காண்பதற்கு முன்பே, வந்துவிட்டார்கள் என்று ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர் சொல்வதை நார்வே ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. யார் முதலில் வந்தார்கள் என்பது இந்த மண்ணில் வெறும் வரலாற்றுக் கேள்வி அல்ல.

அடுத்துச் சுரங்க வேலையும் நிலவியலும். ஆர்க்டிக் குளிரில் இலைகளின் பதிவு தாங்கிய கற்களைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் இங்கே காடு இருந்ததும், அந்தக் காடுதான் கீழே நிலக்கரியாகக் கிடப்பதும் விளங்கும். மற்றவற்றை நேரம் இருந்தால் பாருங்கள்.

அட்டைகளில் ரஷ்ய மொழிதான் முதன்மை. ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துப் படிக்க நேரம் போதாது. அனுமதி கேட்டுக்கொண்டு அட்டைகளைப் படம் எடுத்துவைத்தால், திரும்பும் படகில் மூன்று மணி நேரம் படிக்கலாம்.

பசித்தால் உணவகத்தில் பெல்மெனி கிடைக்கும், இறைச்சி அடைத்த சின்னக் கொழுக்கட்டை போல இருக்கும். சைவத்துக்கு வழி குறைவு. அருங்காட்சியகம் முடிந்த பிறகு மட்டும் உணவகத்துக்குப் போங்கள்.

9. திரும்பும்போது

வழியில் கிடக்கும் துருப்பிடித்த ஆணி, எலும்பு, பழைய பலகைத்துண்டு எதையும் பையில் போடாதீர்கள். ஸ்வால்பார்ட்டில் 1946-க்கு முந்தைய மனிதச் சுவடு எல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. பூவைப் பறிப்பதும் குற்றம். கடையில் வாங்கிய பொருளுக்கு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்வால்பார்ட்டில் மதிப்புக்கூட்டு வரி கிடையாது என்பதால் பெருநிலத்துக்குள் வருபவர்களுக்குச் சுங்கச் சோதனை உண்டு. அதோடு பாஸ்போர்ட் வரிசையும் இருக்கும். இரண்டையும் கணக்கில் கொண்டு, ஓஸ்லோவில் அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். இரண்டு விமானங்களையும் ஒரே பயணச்சீட்டில் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்த நாளிரவை ஓஸ்லோவிலேயே தங்கி, மறுநாள் காலை விமானத்தைப் பிடிப்பது செலவிலும் குறைவு.